கான்யே வெஸ்ட்: இசை, காலணி, வெறுப்பு – கேள்வி பதில்

கேள்வி: கான்யே வெஸ்ட் அமெரிக்க ராப் பாடகர், இசையமைப்பாளர். ராப் பாடுவதில் அவரைவிடச் சிறந்தவர்கள் இருக்கும்போது, அவரை ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறார்கள்?

பதில்: ராப் பாடுவதில் அவரை விஞ்சியவர்கள் பலர் உண்டு, அவருடைய மேதைமை இசையமைப்பில் இருக்கிறது. சிகாகோவில் வளர்ந்த அவர், பழைய சோல் பாடலின் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணர்ச்சி ததும்பும் பாடல் வகை) ஒரு துண்டை எடுத்து வேகத்தைக் கூட்டுவார். அப்போது சுருதியும் சேர்ந்து உயர, பாடியவரின் குரல் குழந்தைக் குரல்போல ஒலிக்கும். அந்த ஒலியையே அவர் பாட்டின் உயிர்நாடியாக்கினார். 2001இல் வெளிவந்த ராப் பாடகர் ஜே-சியின் 'தி புளூபிரிண்ட்' தொகுப்பில் இந்த முறை பெருங்கவனம் பெற்றது. 2002 அக்டோபரில் கார் விபத்தில் உடைந்த தாடை கம்பியால் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே அவர் பாடிப் பதிவு செய்த 'த்ரூ த வயர்', பாடகி சாக்கா கானின் 'த்ரூ த ஃபயர்' பாடலை இவ்வாறு வேகப்படுத்தி அமைக்கப்பட்டது. மூலப்பாடலை முதலில் கேளுங்கள். அவர் எதைப் பெற்றார், எதைச் சேர்த்தார் என்பது அதன் பிறகுதான் விளங்கும்.

கேள்வி: அவருடைய சொத்து மதிப்பு எவ்வளவு?

பதில்: நான் இசையையும் ஆடை வணிகத்தையும் பற்றி மட்டுமே விடையளிக்கிறேன்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: 2004இல் வந்த 'தி காலேஜ் டிராப்அவுட்'. அடுத்த ஆண்டின் 'கோல்ட் டிகர்' பாடலுக்கு வரும்போது, ரே சார்ல்ஸின் 'ஐ காட் எ வுமன்' என்ற மூலப்பாடலை முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நைக்கியை விட்டு அடிடாஸுக்கு ஏன் போனார்?

பதில்: உரிமத்தொகைக்காக. நைக்கி 2009இல் வெளியிட்ட அவருடைய காலணியை வாங்கப் பெரும் போட்டி இருந்தும், விற்பனையில் தமக்குப் பங்கு தர அந்நிறுவனம் மறுத்தது என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். அடிடாஸ் அதற்கு இணங்கியது. 2015 பிப்ரவரியில் அங்கே அவருடைய முதல் காலணி வந்தது. யூதர்களுக்கு எதிரான அவருடைய பேச்சுகளைத் தொடர்ந்து 2022 அக்டோபரில் அடிடாஸ் உறவை முறித்துக்கொண்டபோது, ஏறத்தாழ 120 கோடி யூரோ விற்பனை மதிப்புள்ள சரக்கு தேங்கி நின்றது. 2023இலிருந்து அதைத் தவணை தவணையாக விற்று, வருவாயில் ஒரு பகுதியை வெறுப்புக்கு எதிராகப் பணியாற்றும் அமைப்புகளுக்கு வழங்கினார்கள்.

கேள்வி: இப்போதும் அவர் பில்லியனர்தானா?

பதில்: சொத்து மதிப்பைப் பற்றி விடையளிப்பதில்லை என்று மேலே சொல்லிவிட்டேன். கேட்பதற்கு முன் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அந்தப் பேச்சுகளுக்கு மனநோய்தானே காரணம்? கலையை மட்டும் பேசுவதுதானே நியாயம்?

பதில்: இதை ஏற்க மாட்டேன். தமக்கு இருமுனைக் கோளாறு இருப்பதை 2018இல் அவரே பொதுவெளியில் பேசினார். அந்தத் துயரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே நோயுடன் வாழும் எண்ணற்றவர்கள் யாரையும் வெறுப்பதில்லை. வெறுப்பை நோயின் கணக்கில் எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. 2022 டிசம்பரில் ஒரு நேர்காணலில் அவர் ஹிட்லரைப் புகழ்ந்தார். அதைக் கேட்டு அஞ்சிய யூதக் குடும்பத்திடம் கலையை மட்டும் பாருங்கள் என்று நம்மால் சொல்ல முடியுமா?

கேள்வி: அப்படியானால் அவருடைய பாடல்களைக் கேட்பதே தவறா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை. பலருடைய உழைப்பில் உருவான அந்தத் தொடக்கக்காலத் தொகுப்புகளை இன்றும் கேட்கிறேன். ஆனால் அவர் விற்கும் ஆடையையோ காலணியையோ வாங்க மாட்டேன். 2025 பிப்ரவரியில் அவருடைய இணையக் கடையில் ஹிட்லரின் நாஜிக் கட்சிச் சின்னமான ஸ்வஸ்திகா பொறித்த சட்டை விற்பனைக்கு வைக்கப்பட்டது.