ஃபேனை ஆஃப் பண்ணாதீங்க! - டெலஸ்கோப் கேள்வி பதில்

போன இதழ்ல டாப்சோனியன் (டியூப்போட அடியில பெரிய மிரர் வெச்ச, எளிமையான ஸ்டாண்டுல நிக்குற டெலஸ்கோப்) பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அந்த மிரருக்குப் பின்னாடி மாட்டுற ஃபேன் பத்திதான். அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கலாம்.

கேள்வி: என்கிட்ட 8 இன்ச் டாப்சோனியன் இருக்கு. சாயங்காலம் வெளிய கொண்டு வந்து வெச்சதும் 200 மடங்குல வியாழனப் பாத்தா பட்டைங்க எல்லாம் கரைஞ்சு போன மாதிரி தெரியுது. அதே டெலஸ்கோப்ல நடுராத்திரிக்கு மேல பாத்தா சூப்பரா இருக்கு. மிரர்ல கோளாறா? பின்னாடி ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் மாட்டுங்கன்னு சொல்றாங்க, அந்த சின்ன ஃபேன் என்ன பண்ணிடப் போகுது?

மிரர்ல கோளாறு இல்ல, கவலைய விடுங்க. மிரரே மோசம்னா நடுராத்திரியிலயும் மோசமாத்தான் காட்டும். வியாழன் அந்த நேரத்துக்கு வானத்துல மேல ஏறியிருக்கும், அது ஒரு காரணம். ஆனா பெரிய காரணம் உங்க மிரர் வீட்டுக்குள்ள இருந்த சூட்ட அப்படியே புடிச்சு வெச்சிருக்கு, அதுதான்.

கண்ணாடி சூட்ட லேசுல விடாது. வெளிக்காத்து குளிர்ந்து போயிருக்கும், மிரர் மட்டும் இன்னும் வெதுவெதுன்னு இருக்கும், அப்போ மிரரோட முன்பக்கத்த ஒட்டி ஒரு சூடான காத்து அடுக்கு உக்காந்துக்கும். சில மில்லிமீட்டர்ல இருந்து ஒரு சென்டிமீட்டர் வரைக்கும்னு வெச்சுக்கோங்க. அது சும்மா இருக்காது, நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், அப்பப்போ பிச்சுக்கிட்டு டியூப்ல மேல ஏறும். வெயில்ல தார் ரோட்டு மேல தூரத்துல இருக்குற வண்டி நெளிஞ்சு தெரியும் பாருங்க, அதேதான் இங்கயும் நடக்குது, ஆனா அத நீங்க 200 மடங்கு பெருசாக்கிப் பாக்குறீங்க.

இவ்ளோ மெல்லிசான அடுக்கு என்ன கெடுத்துடும்னு கேக்கலாம், கணக்குப் போட்டே பாத்துடலாம். காத்து 1 டிகிரி சூடானா அதோட ஒளிவிலகல் எண் (வெளிச்சத்த எவ்வளவு வளைக்குதுங்கிற அளவு) தோராயமா பத்து லட்சத்துல ஒரு பங்கு குறையும். அடுக்கு 10 மில்லிமீட்டர், மிரர் வெளிக்காத்த விட 5 டிகிரி சூடுன்னா, வெளிச்சம் போற பாதையில வித்தியாசம் 50 நானோமீட்டர் வருது. ஆனா வெளிச்சம் மிரருக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவைன்னு அத ரெண்டு தடவை தாண்டணும், ஆக 100 நானோமீட்டர். பச்சை வெளிச்சத்தோட அலைநீளம் 550 நானோமீட்டர், அதுல இது கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. மொத்த டெலஸ்கோப்போட பிழையும் கால் அலைநீளத்துக்குள்ள இருக்கணும்ங்கிறது இயற்பியலாளர் ரேலி சொல்லிட்டுப் போன பழைய கணக்கு, அதுல பெரும்பங்க இந்த காத்தே தின்னுடலாம். அடுக்கு எல்லா இடத்துலயும் ஒரே சீரா இருந்துட்டா பிரச்சினையே இல்ல, சீரா இல்லாம நெளியுறதுதான் படத்தக் கெடுக்குது.

நீங்களே கண்ணால பாக்கணும்னா ஸ்டார் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரு பிரகாசமான நட்சத்திரத்த எடுத்துக்கோங்க, 150, 200 மடங்கு ஐபீஸ் (கண்ண வெச்சுப் பாக்குற லென்ஸ்) போட்டு ஃபோகஸ கொஞ்சம் கொஞ்சமா வெளிய கொண்டு போங்க. நட்சத்திரம் வட்டமா விரியும், நடுவுல செகண்டரியோட (டியூப்ல மேல இருக்குற சின்ன மிரர்) கருப்பு நிழல், சுத்தி வளையம் வளையமா தெரியும். மிரர் சூடா இருந்தா அந்த வட்டத்துக்குள்ள சோம்பேறித்தனமா ஏதோ ஊர்ற மாதிரி இருக்கும், இங்க ஒரு திட்டு பெருசாகும், அங்க ஒண்ணு கரையும், சில சமயம் ஒரு பக்க ஓரத்துல இருந்து மட்டும் புகை மாதிரி கிளம்பும். இப்போ கண்ண எடுக்காமலே ஃபேன ஆன் பண்ணுங்க. பெரும்பாலும் ஒரு நிமிஷம் கூட ஆகாது, அந்த ஊர்றது உடைஞ்சு பொடிப்பொடியாகி வளையங்கள் நிதானத்துக்கு வரும். மிரர் அதுக்குள்ள ஆறியிருக்கவே முடியாது, அடுக்கு மட்டும் கலைஞ்சிருக்கு. ஃபேன் ரெண்டு வேலை பார்க்குது, மிரர ஆத்துறது ஒண்ணு, அடுக்க கலைக்கிறது ஒண்ணு. ரெண்டாவது வேலைய நிறைய பேர் கணக்குலயே எடுத்துக்கறது இல்ல.

கேள்வி: பாக்க ஆரம்பிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஃபேன் போட்டுட்டு, பாக்கும்போது ஆஃப் பண்ணிடணும்னு சொல்றாங்களே, அது சரியா?

இந்த பழக்கத்த விட்டுடுங்க, தயவுசெஞ்சு. நல்ல டெலஸ்கோப்ப வாங்கி, ஃபேனும் மாட்டி, கடைசியில முக்கியமான நேரத்துல அத நிறுத்தி வெச்சா மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ராத்திரி முழுக்க வெளிக்காத்து ஒரே சூட்டுல நிக்காது, இறங்கிக்கிட்டே போகும். மிரர் அது பின்னாடியே ஓடிக்கிட்டு இருக்கணும். 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடி சும்மா ஆறும்போது, காத்துக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் மூணுல ஒரு பங்கா குறையவே தோராயமா ஒரு மணி நேரம் ஆகும், அடுத்த மணி நேரத்துல மிச்சம் இருக்குறது மறுபடி மூணுல ஒரு பங்கா குறையும், இப்படியேதான் போகும். 1668ல முதல் ரிஃப்ளெக்டர் (மிரர் வெச்ச) டெலஸ்கோப் செஞ்ச நியூட்டனேதான் இந்த ஆறுற விதியையும் 1701ல எழுதி வெச்சார். 10 டிகிரி வித்தியாசம் 1 டிகிரிக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடிடும். ஃபேன் நல்லா அடிச்சா அந்த ஒரு மணி நேரம் 20, 25 நிமிஷமா சுருங்கும், மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். மிரர் தடிமன் ரெண்டு மடங்கா இருந்தா இந்த நேரம் எல்லாமே ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கோங்க.

இப்போ காத்து மணிக்கு ஒன்றரை டிகிரி இறங்குதுன்னு வைங்க. ஃபேன் இல்லாத மிரர் எத்தனை மணி நேரம் ஆனாலும் காத்த விட ஒன்றரை டிகிரி சூடாவே இருக்கும், எட்டிப் புடிக்கவே புடிக்காது. ஃபேன் ஓடிக்கிட்டு இருந்தா அந்த வித்தியாசம் அரை டிகிரிக்குப் பக்கத்துல நிக்கும். கோளோட நுணுக்கம் பாக்கணும்னா 1 டிகிரிக்குள்ள வந்தே ஆகணும், அதுக்கும் கீழ போனா இன்னும் நல்லது. அதனால சீக்கிரமே ஆன் பண்ணுங்க, ஐபீஸ்ல கண்ண வெச்சிருக்கும்போதும் ஓடட்டும், எல்லாத்தையும் மூட்டை கட்டுறப்போ ஆஃப் பண்ணுங்க. கரண்ட்டும் ஒண்ணும் பெருசா இழுக்காது, இந்த ஃபேனுங்க பெரும்பாலும் 0.1ல இருந்து 0.2 ஆம்பியர்தான், ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி ராத்திரிக் கணக்கா தாங்கும்.

கேள்வி: ஃபேன் ஓடும்போது ஆட்டத்துல நட்சத்திரம் சின்ன கோடா தெரியுது, அதனாலதான் ஆஃப் பண்றேன். வேற என்ன செய்யறது?

ஃபேன ஸ்க்ரூ போட்டு மிரர் செல்லோட (மிரரத் தாங்குற சட்டம்) இறுக்கி இருப்பீங்க, சரியா? ஸ்க்ரூவக் கழட்டிடுங்க. நாலு மூலையிலயும் ரப்பர் பேண்ட் போட்டு அந்தரத்துல தொங்க விடுங்க, இல்லன்னா சிலிகான் ரப்பர் பின் கிடைக்கும் அத போடுங்க, ஃபேனோட பிளாஸ்டிக் பாடி உலோகத்துல எங்கயும் தொடக் கூடாது. வயர மறந்துடாதீங்க. ஃபேன தொங்க விட்டுட்டு வயர மட்டும் வெறைப்பா இழுத்து டியூப்ல டேப் போட்டு ஒட்டிடுறாங்க, அப்புறம் அதிர்வு எல்லாம் அந்த வயர் வழியாவே டியூப்புக்கு வந்துடுது. ஒரு சுத்து தளர்வா விட்டு அப்புறமா ஒட்டுங்க.

அடுத்தது வேகம். சின்ன ஃபேன் வேகமா சுத்துறத விட 120 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவா சுத்துறது எவ்வளவோ மேல், 12 வோல்ட் ஃபேனுக்கு 7, 8 வோல்ட் குடுத்தாலே போதும். ஒரு சின்ன ஸ்பீடு கன்ட்ரோலர் வெச்சுக்கிட்டா ரொம்ப சௌகரியம், ஏன்னா ஏதோ ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் மொத்த டியூப்பும் சேர்ந்து அதிரும், கொஞ்சம் கூட்டியோ குறைச்சோ விட்டா அடங்கிடும். சரியா வந்துடுச்சான்னு பாக்க 200 மடங்குக்கு மேல ஒரு நட்சத்திரத்த நல்லா ஃபோகஸ் பண்ணி நடுப்புள்ளியையும் அத சுத்தின முதல் வளையத்தையும் பாருங்க, ஃபேன ஆன் பண்ணினாலும் ஆஃப் பண்ணினாலும் அந்த வளையம் ஒரே மாதிரி மெல்லிசா இருந்தா வேலை முடிஞ்சது.

கேள்வி: காத்த மிரரோட முதுகு மேல ஊதணுமா, இல்ல டியூப்ல இருந்து பின்பக்கமா உறிஞ்சணுமா?

ரெண்டுமே வேலை செய்யும், இதுக்குப் போய் சண்டை போடத் தேவையில்ல. ஊதினா முதுகு வேகமா ஆறும், ஃபேன் முன்னாடி ஒரு மெல்லிசான ஃபில்டர் வெச்சு தூசியத் தடுத்துக்கலாம். உறிஞ்சினா வெளிக்காத்து டியூப்போட வாய் வழியா இறங்கி மிரரோட முகத்த உரசிக்கிட்டு ஓரமா பின்பக்கம் போகும், சூடான அடுக்கும் அதோட சேர்ந்து கீழயே இழுபட்டுப் போயிடும், வெளிச்சம் வர்ற பாதையில மேல ஏறி வராது. எனக்கு பாக்கும்போது உறிஞ்சுறதுதான் புடிக்கும். எப்படி வெச்சாலும் ஃபேனுக்கும் டியூப் சுவருக்கும் நடுவுல இருக்குற ஓட்டைய ஒரு ஃபோம் தட்டோ அட்டையோ வெட்டி அடைச்சுடுங்க, இல்லன்னா காத்து மிரர் பக்கமே போகாம சுலபமான வழியில சுத்தி வந்துடும்.

எல்லாத்தையும் விட அடுக்க நல்லா கலைக்கிறது மிரரோட முகத்துக்குக் குறுக்க வீசுற ஃபேன்தான். டியூப்போட பக்கவாட்டுல மிரருக்கு சரியா மேல ஒரு ஓட்டை, அங்க ஒரு ஃபேன், எதிர்ப்பக்கம் காத்து வெளிய போக ஓட்டைங்க. 10, 12 இன்ச்சுக்கு மேல உள்ள மிரருக்கு இந்த வேலை தகும். 8 இன்ச்சுக்கு பின்னாடி ஒரு ஃபேன் போதும், டியூப்ல ஓட்டை போட அவசரப்படாதீங்க.

கேள்வி: என் மிரர் சூட்டுக்கு விரியாத கண்ணாடின்னு சொல்லிக் குடுத்தாங்க. அப்போ ஃபேன் வேண்டாம்தானே?

வேணும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வகை விரியுறதுல போரோசிலிகேட்ங்கிற சூடு தாங்குற கண்ணாடி மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேலதான் விரியும், குவார்ட்ஸ் அதை விட ரொம்பவே கம்மி. இதனால மிரரோட வளைவு கெடாம இருக்கும், அது பெரிய நல்ல விஷயம்தான். ஆனா சூடு சூடுதானே, விரியாத கண்ணாடி மேலயும் அதே காத்து அடுக்கு உக்காரும்.

சிலி நாட்டுல பாரனால் மலை மேல இருக்குற விஎல்டி (வெரி லார்ஜ் டெலஸ்கோப்) டெலஸ்கோப்புகளோட 8.2 மீட்டர் மிரர் எல்லாம் செரோடூர்னு ஒரு பொருள், விரிவு ஏறக்குறைய பூஜ்யம். அப்படியும் அங்க பகல் முழுக்க கூடாரத்த ஏசி போட்டு அன்னிக்கு ராத்திரி எவ்வளவு குளிர் இருக்குமோ அந்த அளவுக்கு இறக்கி வெச்சிருக்காங்க. காகசஸ் மலையில 1970கள்ல வந்த 6 மீட்டர் ரஷ்ய டெலஸ்கோப்போட மிரர் 42 டன், ராத்திரி காத்தோட ஈடு குடுக்க முடியாம ரொம்ப காலம் அவங்கள படுத்தி எடுத்துடுச்சு. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவோட பாலோமார்ல 1948ல திறந்த 5 மீட்டர் மிரரோட முதுகுல குழிகுழியா வார்த்ததுக்கு எடையக் குறைக்கிறது மட்டும் காரணம் இல்ல, சீக்கிரம் ஆறணும்ங்கிறதும்தான்.

கேள்வி: டெலஸ்கோப்ப ஏசி ரூம்ல வெச்சிருந்தா ஏற்கனவே குளிர்ந்து இருக்கும்ல?

வெளிய காத்து ஈரமா இருந்தா மிரர் மேல உடனே பனி படியும். அந்த நேரத்துல ஃபேனும் போட்டா இன்னும் ஈரக்காத்த கொண்டு போய் அது மேலதான் கொட்டும். மூடியத் திறக்காம வெளிய வெச்சு கொஞ்சம் சூடேற விடுங்க, அப்புறம் திறந்து ஃபேன் போடுங்க. அதுக்கு ஏசி இல்லாத, காத்தோட்டமான, வெயில் படாத இடத்துல வெச்சுக்கறதே மேல்.

கேள்வி: 114 மில்லிமீட்டர் ரிஃப்ளெக்டருக்கும் ஃபேன் மாட்டணுமா?

தேவையில்ல. அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னாடி வெளிய வெச்சுடுங்க.

கேள்வி: ஃபேன் போட்டும் ராத்திரி முழுக்க கொதிக்கிற மாதிரியே இருக்கு. என்ன தப்பு?

ஃபேன் உங்க டியூப்புக்குள்ள இருக்குற காத்த மட்டும்தான் சரி பண்ணும், மேல வானத்துல ஓடுறத ஒண்ணும் பண்ண முடியாது. அதே ஸ்டார் டெஸ்ட் பண்ணுங்க. வட்டத்துக்குள்ள எல்லாம் வேகமா ஒரே திசையில ஆறு மாதிரி ஓடுச்சுன்னா அது மேல்காத்து, அன்னிக்கு மடங்கக் குறைச்சு நெபுலா, நட்சத்திரக் கூட்டம்னு பாருங்க, 50 மடங்குல இதெல்லாம் தெரியவே தெரியாது. மெதுவா புகையுற மாதிரி இருந்தாதான் உள்ளூர் சூடு, அதுக்கு உங்களால ஏதாவது செய்ய முடியும். பகல் பூரா வெயில் குடிச்ச கான்கிரீட் தளத்துல நிக்குறீங்களா, புல்தரைக்கு மாறுங்க. டியூப் வாய்க்குக் கீழ யாராவது நின்னு பேசிக்கிட்டு இருக்காங்களான்னும் பாருங்க, உடம்பு சூடே போதும், வேணும்னா உங்க கைய டியூப் வாய்க்கு முன்னாடி நீட்டிக்கிட்டு ஸ்டார் டெஸ்ட் பாருங்க, விரல்ல இருந்து சூடு கிளம்புறது அப்படியே தெரியும். இரும்பு டியூப்பா இருந்தா அது ராத்திரி வானத்துக்கு சூட்ட விட்டு விட்டு காத்த விட குளிர்ந்து போயிடும், அந்த குளிர்ந்த காத்து உள்சுவர் வழியா வழிஞ்சு இறங்கும், உள்பக்கம் கார்க் ஷீட் இல்லன்னா ஃபோம் ஷீட் ஒட்டி அது மேல கருப்பு ஃப்ளாக்கிங் பேப்பர் (வெல்வெட் மாதிரி வெளிச்சத்த உறிஞ்சுற பேப்பர்) போட்டா நல்லாவே குறையும்.

இவ்வளவும் பாத்துட்டு கடைசியா கொலிமேஷன (மிரருங்க ஒரே நேர்ல இருக்கான்னு சரி பண்றது) ஒரு தடவை செக் பண்ணிடுங்க, மிரர் ஆறினதுக்கு அப்புறம்.