மீதி எங்கே?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில்லிங் பார்க்கிறேன். வயது 34. பிளஸ் டூவோடு நின்றுபோன படிப்பை முடிக்க வேண்டும் என்று இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.காம். சேர்ந்தேன். இங்கிலீஷ் மீடியம். பள்ளியில் படித்தது தமிழ் மீடியம். புத்தகங்கள் வந்து ஏழு மாதம் ஆகிறது, ஒன்றைத் தவிர மற்றதைப் பிரிக்கவே இல்லை. சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, சமைத்து, ஆறாவது படிக்கும் மகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கண் சொக்குகிறது. சேரும்போது இருந்த ஆர்வம் இப்போது இல்லை. எனக்குப் படிப்பு ஒத்துவராதோ? ஜூன் பரீட்சையை எழுதலாமா, விட்டுவிடலாமா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

விட்டுவிடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பள்ளியில் தமிழ் மீடியம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கண் சொக்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். பகல் முழுக்க இன்வாய்ஸ் பார்த்து ஓய்ந்த மூளையிடம் ராத்திரி பத்து மணிக்கு ஆங்கிலத்தையும் படி, கணக்குப் பதிவியலையும் படி என்றால் அது படுத்துக்கொள்ளத்தான் செய்யும். இதை ஆர்வக் குறைவு என்று பெயர் வைத்து உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். பழைய புத்தகக் கடையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் வழி கணக்குப் பதிவியல் புத்தகம் கிடைக்கும். உதாரணத்துக்குத் தேய்மானம், அதாவது மெஷின் மாதிரிப் பொருளின் மதிப்பு வருடா வருடம் குறைவதைக் கணக்கில் காட்டுவது. அதை முதலில் அந்தப் புத்தகத்தில் படித்துவிட்டு, அப்புறம் இக்னோ புத்தகத்துக்கு வாருங்கள். அதே விஷயம் பாதி நேரத்தில் ஓடும்.

நானும் கரஸ்ஸில், அதாவது அஞ்சல் வழியில், படித்தவள்தான். 1990களின் தொடக்கத்தில், ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே பி.ஏ. வரலாறு படித்தேன். முதல் வருடம் பார்சல் கட்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உங்களைப் போலவே நானும் ஆர்வம் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மதுரையில் பத்து நாள் காண்டாக்ட் கிளாஸ், அதாவது நேரடி வகுப்பு, போட்டார்கள். அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்தவர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பால்வாடி டீச்சர். கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றபடி இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வாரம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி, ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்ப வேண்டும்.

ஒரு வாரம் முடியாமல், அரைப் பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் ஒரு போஸ்ட்கார்டு வந்தது. சிவப்பு மையில் இரண்டே வார்த்தை: ‘மீதி எங்கே?’

அன்று ராத்திரி உட்கார்ந்து மீதியை எழுதினேன். பாடம் அன்றைக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் உசிலம்பட்டியில் ஒருவர் என் தாளுக்காகக் காத்திருந்தார்.

தபாலில் படிப்பு என்பது ஆரம்ப நாட்களிலும் இப்படித்தான் இருந்தது. 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால்தலை ஒட்டினால் நாட்டில் எங்கும் கடிதம் போகும் என்று ஆனபோது, ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்தைத் தபாலில் சொல்லித்தர ஆரம்பித்தார். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த அதே பிட்மன். மாணவர்கள் பைபிளிலிருந்து சில வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1971இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தத் தொடங்கியபோது, பிபிசி தொலைக்காட்சியில் பாடம் வருகிறது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. ஆனால் அங்கேயும் அசைன்மென்ட்டைப் படித்துக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்ப ஒரு ட்யூட்டர் இருந்தார். என்னைக் கேட்டால் மாணவர்களைப் பிடித்து வைத்தது அந்தக் குறிப்புதான் என்பேன். இன்று இலவச ஆன்லைன் கோர்ஸ்களில் லட்சக்கணக்கில் சேர்கிறார்கள், முடிப்பவர்கள் சிலர்தான். வீடியோ அருமையாக இருக்கும். பாதியில் நிறுத்தினால் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது.

நான் படித்த இடத்திலும் விடைத்தாளில் மார்க் மட்டும் வரும், ஒரு சொல் கூட எழுதியிருக்க மாட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. எழுதி அனுப்புகிறவர் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நேரத்தைத் திருடி எழுதுகிறார். அவருக்கு ஒரு வரி பதில் தருவது பெரிய செலவில்லை.

சரி, உங்கள் பரீட்சைக்கு வருகிறேன். மூன்று வருடப் படிப்பை முடிக்க இக்னோ ஆறு வருடம் வரை தருகிறது. எல்லாத் தாளையும் இந்த ஜூனிலேயே எழுத வேண்டியதில்லை. இரண்டே தாள் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். அசைன்மென்ட் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். அசைன்மென்டுக்கு 30 சதவீதம் மார்க் இருக்கிறது, அதைத் தராமல் போனால் அந்தத் தாளை முடிக்கவே முடியாது. பாடத்துக்கு நடுவே கேள்வி கேட்டு, பதில் எழுதக் கோடு போட்ட இடம் விட்டிருப்பார்கள். எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது. பேனாவால் அதில் எழுதுங்கள்.

பேனாவால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினாறு வருடமாக நீங்கள் தட்டச்சுதான் செய்திருப்பீர்கள். மூன்று மணி நேரம் கையால் எழுதும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். எனக்கு முதல் பரீட்சையில் ஒன்றரை மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துப்போனது. தெரிந்த பதிலை எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தினமும் ஒரு பக்கம் போதும், இரண்டு மாதத்தில் கை பழகிவிடும்.

உங்கள் ஸ்டடி சென்டரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தால் ஒரு முறையாவது போய் வாருங்கள். பாடத்துக்காக இல்லாவிட்டாலும் பக்கத்து பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. அப்படி ஒருவர் கிடைக்கும் வரை நான் இருக்கிறேன். எனக்கு வணிகவியல் தெரியாது. ஆனால் ஒரு பதிலைப் படித்து, இது புரிகிறது, இது புரியவில்லை என்று சொல்லத் தெரியும். வரும் ஞாயிறு ராத்திரிக்குள் தேய்மானம் பற்றி ஒரு பக்கம் எழுதி, போட்டோ எடுத்து இதே மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அரைப் பக்கம் வந்தால் என்ன கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.