பிரிஞ்ச திகதியை எழுதி வையுங்கோ, தங்கச்சி

தங்கச்சி, மூன்று விசயம் கேட்டிருக்கிறீங்கள். யாழ்ப்பாணத்தில எழுதின கலியாணத்தை இங்க கனடாவில முறிக்கலாமோ, உங்கட மனிசன் கையெழுத்துப் போடமாட்டன் என்றால் என்ன செய்யிறது, அவரின்ர ஸ்பொன்சரில வந்த உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினமோ. இருபத்திரண்டு வருசமா ஸ்காபரோவில இருக்கிறன். நானும் இந்த வழியால வந்தவள்தான்.

கடைசிக் கேள்விக்கு முதல் பதில் சொல்லுறன். அந்தப் பயம்தான் எங்கட பெண்பிள்ளைகளை நித்திரை கொள்ள விடாமல் வைச்சிருக்கு. உண்மையான கலியாணம் செய்து நிரந்தர வதிவுரிமையோட வந்து இறங்கினீங்கள் என்றால், பிரிஞ்சதுக்காக அதைப் பறிக்க ஏலாது. புதுசா வாறவை சிலர் இரண்டு வருசம் சேர்ந்து வாழவேணும் என்று முந்தி ஒரு நிபந்தனை இருந்தது. 2017இல அதை எடுத்துப்போட்டினம். "ஒரு போன் அடிச்சால் உன்னை ஏத்திவிடுவன்" என்று அவர் வெருட்டினால் நம்பாதேங்கோ.

கலியாணம் எங்க நடந்தது என்றதும் பிரச்சினையில்லை. உங்கள் இரண்டு பேரில ஒருத்தர் எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில ஒரு வருசம் இருந்திருந்தால் இங்கயே வழக்குப் போடலாம். அவரின்ர சம்மதமும் தேவையில்லை. வழக்குப் பத்திரம் அவர் கையில சேரவேணும், அவ்வளவுதான்.

இலங்கையில, எங்கட ஊர்ச் சட்டத்தில குற்றம் காட்டவேணும்: வேற உறவு, வேணுமென்றே கைவிட்டது, கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறை. கனடாவில காரணம் ஒன்றே ஒன்று, மணவாழ்க்கை முறிஞ்சுபோச்சு என்றது. அதை மூன்று விதமாக் காட்டலாம்: ஒரு வருசம் பிரிஞ்சிருந்தது, மற்றவர் வேற உறவு வைச்சது, அல்லது சேர்ந்து வாழவே ஏலாத அளவுக்கு உடலாலயோ மனத்தாலயோ செய்த கொடுமை.

நான் கொடுமை என்றுதான் போட நினைச்சன். பட்டதெல்லாம் கோட்டில பதியவேணும் என்று மனம் கேட்டது. என்ர வக்கீலம்மா பொறுமையா விளங்கப்படுத்தினா: சாட்சி, டொக்டர் கடிதம், குறுக்கு விசாரணை என்று இழுபடும், காசும் போகும். வென்றாலும், ஜீவனாம்சம் தீர்மானிக்கேக்க நீதிபதி ஆர் பிழை செய்தது என்று பார்க்கமாட்டார். அதால ஒரு வருசப் பிரிவையே எடுத்தன். இங்க கனபேர் அப்படித்தான் எடுக்கினம்.

அந்த வருசத்துக்கு வேற வீடு போகவேணும் என்றில்லை. வாடகை கட்ட வழியில்லாமல் எட்டு மாசம் நான் அதே வீட்டின்ர பேஸ்மென்டில இருந்தன். சமையல், படுக்கை, காசு எல்லாம் வேற வேற. கோயிலுக்கும் விசேசங்களுக்கும் சோடியாப் போறதையும் விட்டன். எந்தத் திகதியில இருந்து என்று கலண்டரில குறிச்சு வைச்சதுதான் பிறகு கைகொடுத்தது. இடையில பெரியாக்கள் பேசி ஒருக்கா சேர்ந்து பார்த்தாலும், மொத்தம் 90 நாளுக்கு மேல போகாவிட்டால் கணக்கு முறியாது. வழக்கை வருசம் முடிய முதலே போடலாம். தீர்ப்புத்தான் பிறகு வரும். தீர்ப்பு வந்து 31ஆவது நாளில விவாகரத்து செல்லும்.

அடி விழுகுதென்றால் இந்தக் கணக்கொன்றும் பாராதேங்கோ. அவசர இலக்கம் 911க்கு போன் அடிச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ. வன்முறை நடந்த வீடென்றால் ஒன்ராறியோ சட்ட உதவி நிலையத்தில ஒரு வக்கீலோட இரண்டு மணித்தியாலம் இலவசமாக் கதைக்கலாம். தமிழில மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேளுங்கோ.

இன்றைக்கே அம்மாவுக்குச் சொல்லி, பிரதேச செயலகத்தில விவாகப் பதிவின்ர அத்தாட்சிப் பிரதி ஒன்று எடுக்கச் சொல்லுங்கோ. உங்களிட்ட இருக்கிற பிரதி அவரின்ர அலுமாரிக்குள்ள கிடக்குதென்று எழுதியிருந்தீங்கள்.