டென்வர்ல புல்லு மாத்தப் போற தம்பிக்கு

தம்பி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துப் புள்ளைன்னு சொன்னதாலதான் உக்காந்து டைப் பண்றேன். வாசல் புல்தரைக்குத் தண்ணி பில் கட்டி மாளல, எடுத்துட்டு இந்த ஊரு புல்லு போடலாமா, புள்ளைக்கு எந்த ஸ்கூல், பழைய கார் வாங்கலாமான்னு கேட்டிருக்க. ஸ்கூலு, காருக்கெல்லாம் நம்மாளுக வாட்ஸப் குரூப்ல போ, அட்வைஸ் பண்ண அம்புட்டுப் பேரும் ரெடியா இருப்பானுக.

உன் வாசல்ல நிக்கிறது கென்டக்கி புளூகிராஸாத்தான் இருக்கும். பேருதான் கென்டக்கி, வந்தது கடல் தாண்டி ஐரோப்பாவுலருந்து. டென்வர்ல வருச மழையே 15 இஞ்ச்தான் தேறும், நம்ம ராம்நாட்டுல அதுக்கு ரெண்டு மடங்கு பெய்யுது, ஆனா தண்ணியில்லாக் காடுன்னு பேரு வாங்குனது நாம.

நான் வந்த புதுசுல புல்லு கருகுதேன்னு தெனமும் ஸ்பிரிங்க்ளர் போட்டு, ஆகஸ்ட் பில்லப் பாத்துட்டு வீட்டம்மா ரெண்டு நாள் பேசல. அந்தக் கோவத்துல மொத்தத்தையும் கொத்திப் போட்டு செப்டம்பர்ல பஃபலோ கிராஸ்ங்கிற இந்த ஊரு புல்லு வெதையத் தூவுனேன் பாரு, ஒண்ணு மொளைக்கல! அது வெயில் புல்லு, மே கடைசி ஜூன்ல மண்ணு சூடேறுனாத்தான் கண்ணு தொறக்கும். குளிர் முழுக்க வாசல் பொட்டலாக் கெடக்க, எச்ஓஏக்காரங்க, அதான் குடியிருப்புச் சங்கத்துக்காரங்க, மூணு லெட்டர் போட்டு கடைசில ஃபைனும் தீட்டிட்டாங்க. அதனால கொத்துறதுக்கு முன்னாடி எழுத்துல பெர்மிஷன் வாங்கிரு, வாய்ப்பேச்சு வேணாம்.

பஃபலோ கிராஸோட புளூ கிராமாங்கிற இன்னொரு இந்த ஊரு புல்லயும் கலந்து போடு, அதோட கதிரு கண்ணிமை மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு அழகா நிக்கும். மொளைக்கிற வரைக்கும் மண்ணு காயக்கூடாது, பெறகு கொறைச்சுக்கிட்டே வா. வேர் புடிச்சப்பறம் பாசத்துல தண்ணிய ஊத்துனேன்னா களைதான் வரும். அக்டோபர்லருந்து மே வரைக்கும் வைக்கோல் கலர்ல கெடக்கும், செத்துருச்சுன்னு பிடுங்கிராத. மர நெழல்ல வராது, அங்க வேற எதாவது வையி.

நம்மாளுக செல பேரு பிளாஸ்டிக் புல்லு விரிச்சிருக்கானுக, ஜூலை மத்தியானம் செருப்பில்லாம அதுல நிக்கச் சொல்லு பாப்போம்.

இன்னொரு கூத்து கேளு. நம்மூர்ல 2003லயே மழைத்தண்ணி சேமிக்கணும்னு கட்டாயம் பண்ணுனாங்கல்ல, இங்க 2016 வரைக்கும் வீட்டுக் கூரைத் தண்ணியப் பிடிச்சு வைக்கிறதே தப்பு. இப்பவும் ரெண்டு பீப்பா, மொத்தம் 110 கேலன், அம்புட்டுதான். என் பீப்பா நெறையிறப்பல்லாம் அம்மா ஞாபகம்தான். கடக்கரை மணல்ல ஊத்து தோண்டி, செரட்டையால மோந்து மோந்து ஒரு கொடம் நெறைக்க அரை மணி நேரம் ஆகும், "ஆழமாத் தோண்டாதடா, உப்பு ஏறிரும்"னு கத்தும். நான் எங்க தோண்டுனேன், ராவணன் மீசைங்கிற கடக்கரைப் புல்லோட முள்ளுப்பந்து காத்துல உருண்டு ஓட, அத வெரட்டிக்கிட்டு கோதண்டராமர் கோயில் பக்கம் வரைக்கும் ஓடியிருக்கேன்.

போன வருசம் வாங்குன வெதை ரெண்டு பவுண்டு கராஜ்ல கெடக்கு, மே மாசம் வந்து எடுத்துக்க. ஊர்லருந்து நெத்திலிக் கருவாடு வந்திருந்தா ஒரு பொட்டலம் கொண்டா.