வேலூர் முதியோர் இல்லத்தில் வாரம் ஒருநாள் பேச்சுத்துணை: எப்படித் தொடங்குவது?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர், வேலூரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வாராவாரம் போய்வர நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

தயவுசெய்து சாப்பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். பிறந்தநாள், திதி என்று ஞாயிறுகளில் வடை பாயசத்தோடு வருகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வார நாளில் சாயங்கால டீக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே உள்ள நேரம்தான் நகராது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் காலத்தில் மட்டும் ஐந்தரைக்குப் போங்கள். அதற்குமுன் வேலூரில் யாருக்கும் பேசத் தெம்பு இருக்காது.

ஆறு பேரும் சேர்ந்து நுழைந்தால் உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பீர்கள். இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒரு ஜோடிக்கு மூன்று பெரியவர்கள் போதும், ஆளுக்கு இருபது நிமிடம். ஆறு மாதத்துக்கு ஆளை மாற்றாதீர்கள். ஒருவருக்கு முடியாத வாரம் மற்றவர் போகவேண்டும். "அடுத்த வாரம் வரேன்" என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்லக்கூடாது. அவர்கள் அன்று தலைவாரிக்கொண்டு வராந்தாவில் காத்திருப்பார்கள். வர முடியாவிட்டால் காலையிலேயே வார்டனுக்குப் போன் செய்து அந்தப் பெரியவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம்.

முதல் தடவை வார்டனிடம் கேட்க வேண்டியவை: யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பக்கவாதத்தால் விழுங்கச் சிரமம், எந்தக் காது கேட்கும், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியையைப் பாட்டி என்பதைவிட டீச்சர் என்று கூப்பிட்டால் முகம் மலரும். வீட்டுப் பேச்சையும் கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தவர் உருதுவிலும், ஆந்திர எல்லையோர ஊர்க்காரர் தெலுங்கிலும்தான் மனம்விட்டுப் பேசக்கூடும். அந்த மொழி தெரிந்தவரை அவருக்கு ஒதுக்குங்கள்.

பேசாமல் இருக்கிறார் என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் காது கேட்பதில்லை. முதுமையில் முதலில் மங்குவது கீச்சென்ற ஒலிகள். கத்தினால் குரல் இன்னும் கீச்சாகும், புரியாது. டிவியை நிறுத்தி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். காது மெஷின் டிராயரில் கிடந்தால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். உறையின் நிறம் பார்த்து வாங்குங்கள்: 312 என்ற அளவுக்குப் பழுப்பு, 13 என்ற அளவுக்கு ஆரஞ்சு. பேட்டரி மேலுள்ள ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடவேண்டும். மூக்குக்கண்ணாடியையும் துடைத்துக் கொடுங்கள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றால் "இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். செய்த வேலையைக் கேளுங்கள். குடியாத்தத்துப் பெரியம்மாவிடம் "ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுத்துவீங்க, இலையை எப்படி நறுக்குவீங்க?" என்றால் விரல்களே பதில் சொல்லும். கிராமத்து ஐயாவிடம் பாரதக் கூத்தைக் கேளுங்கள்: உங்க ஊர்ப் படுகளத்துல (போர்க்களக் காட்சியில்) துரியோதனனை மண்ணுல எவ்வளவு பெரிசா செய்வாங்க, பீமன் வேஷம் யாரு கட்டுவாங்க? வட ஆற்காட்டில் வளர்ந்த ஒருவருக்கு இதில் ஒரு மாலைக்குப் பேச்சு இருக்கும்.

மறதி நோய் உள்ளவரிடம் "என்னை ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். இறந்துபோன அம்மா எங்கே என்று தேடினால் "செத்துட்டாங்களே" என்று திருத்தவேண்டாம். அவருக்கு அது புதிய சாவு. "அம்மா என்ன சமைப்பாங்க?" என்று கேளுங்கள். களியும் கீரையும் பற்றிப் பேச்சு போகும், தவிப்பு அடங்கும்.

கேட்காமல் எதுவும் ஊட்டாதீர்கள். விழுங்கச் சிரமம் உள்ளவருக்குத் தண்ணீர்கூடப் புரையேறி நுரையீரலுக்குள் போகும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து. விழுந்தவரை நீங்களாகத் தூக்காமல் ஊழியரைக் கூப்பிடுங்கள். சரிவில் வீல்சேரைப் பின்பக்கமாக இறக்குங்கள், இல்லையேல் அவர் முன்னால் சரிந்துவிடுவார்.

பணம், ஏடிஎம் கார்டு, கையெழுத்து எதிலும் தலையிடவேண்டாம். படம் எடுத்துப் போடவும் வேண்டாம். ஆனால் படுக்கைப்புண், காரணம் தெரியாத காயம், ஆள் வந்தாலே நடுங்குவது போன்றவற்றைக் கண்டால் தேதியோடு எழுதிவைத்து நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நிர்வாகம் அசையவில்லையென்றால் முதியோர் உதவி எண் 14567-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம். அதற்குப் பிறகும் உங்கள் கிழமையில் தவறாமல் போங்கள்.