டெல்லியில ஸ்கூல் மூடினா கோலியாத்தைக் கூப்பிடுங்க

தங்கச்சிக்கு ஸ்தோத்திரம்.

தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துல இருந்து ஜூன்லதான் டெல்லி மயூர் விஹார் வந்தோம், ஆறு வயசுல ஒண்ணு, ஒன்பது வயசுல ஒண்ணு, நவம்பர்ல புகைன்னு சொல்லி திடீர்னு ஸ்கூலை மூடிட்டாங்க, ரெண்டு ரூம் வீட்டுல ஜன்னலையும் சாத்திக்கிட்டு எப்படிக்கா பிள்ளைங்களைச் சமாளிச்சீங்கன்னு கேட்டிருக்கீங்க. நாங்க 2006-ல பாளையங்கோட்டையில இருந்து வந்தவங்க. முதல் தடவை எங்களுக்கும் முழி பிதுங்கிருச்சு.

நம்ம ஊர்ல கலெக்டர் மழை லீவு விட்டா, அடுத்த அரை மணி நேரத்துல பிள்ளைங்க தெருத்தண்ணியில நிக்கும். இங்க வெளிய போகக் கூடாதுங்கறதுக்காகவே லீவு. 2016-ல தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம் மூணு நாள் மூடினாங்க. அப்போ பெரியவளுக்குப் பத்து வயசு, சின்னவனுக்கு ஏழு. அதோட தீந்துதுன்னு நினைச்சோம். கொரோனாவுக்கு அப்புறம் 2021 நவம்பர் 1-ந்தேதி சின்னப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் திறந்து, யூனிஃபார்ம் பத்தலைன்னு புதுசு வாங்கிக் குடுத்தா, 15-ந்தேதி புகையால மறுபடி மூடினாங்க. 2024-ல பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் ஆன்லைனுக்குப் போச்சு. ஜனவரியில குளிர் லீவு தனியா வரும், சில வருஷம் அதையும் நீட்டுவாங்க. அதனால இதை விபத்தா நினைக்காதீங்க, இது இங்க ஒரு பருவம்.

கேட்டதுக்கு வர்றேன். டைம் டேபிள் போடாதீங்க. நான் போட்டேன். ஒன்பது மணிக்கு ஜெபம், பத்து மணிக்குப் படம் வரையறதுன்னு எழுதி ஃபிரிஜ்ல ஒட்டினேன். ரெண்டாம் நாளே சின்னவன் அதைக் கிழிச்சு ராக்கெட் விட்டான். காலையில ஆன்லைன் கிளாஸ்னு ஒரு கூத்து எப்படியும் இருக்கும். அது முடிஞ்சதும் ஒரே ஒரு பெரிய வேலையை நடுவீட்டுல போட்டுருங்க. ஒரு வாரம் இழுக்கற மாதிரி இருந்தா நல்லது.

எங்க வீட்டுல அப்படி வந்தவன்தான் கோலியாத், தாவீது கவண்கல்லால நெத்தியில அடிச்சு விழுத்தாட்டின ராட்சசன். வேதத்துல ஒண்ணு சாமுவேல் 17-ல அவன் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும்னு இருக்கு. முழம்னா என்னம்மான்னு சின்னவன் கேட்டான். முழங்கையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும்னு சொன்னதுதான் தாமதம், அவன் கையால அளந்தான். அக்காக்காரி, உன் முழம் பூக்காரம்மா முழம், அப்பா முழத்துலதான் அளக்கணும்னு சண்டைக்கு வந்தா. அப்பா முழம் ஒன்றரை அடி. கணக்குப் போட்டா கோலியாத் ஒன்பதே முக்கால் அடி வர்றான். எங்க வீட்டுக் கூரை ஒன்பதரை அடி கூட இல்ல. பழைய இந்திப் பேப்பரை மைதாப் பசையில ஒட்டி ஒட்டி ஆள் செஞ்சோம். கால்ல ஆரம்பிச்சு சுவர் முழுக்க ஏறி, கழுத்துகிட்ட கூரை வந்துருச்சு. தலையை மடக்கிக் கூரையில ஒட்டினோம். ஃபேனைப் பாத்துக்கிட்டே ஒரு மாசம் நின்னான். அஞ்சு கூழாங்கல்லுக்கு அஞ்சு சாக்ஸ் உருண்டை. நெத்தியில பட்டாத்தான் கணக்கு, மூக்குல பட்டா செல்லாது. மேல் மாடி ஆண்ட்டி என்ன சத்தம்னு கேக்க வந்தவங்க, அவங்களும் ரெண்டு உருண்டை எறிஞ்சுட்டுத்தான் போனாங்க.

அளக்கற பைத்தியம் பிடிச்ச பிறகு பெருவெள்ளத்துல தப்பிக்க நோவா கட்டின கப்பலை, அந்தப் பேழையை விடுவாங்களா? முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம். நீளம் மட்டுமே 450 அடி. ஒரு காருக்குப் பதிமூணு அடின்னு வெச்சு, பால்கனிக் கதவை மூடிக்கிட்டே கண்ணாடி வழியா கீழ நிக்கிற காரை எண்ணினாங்க. 35 கார் கிட்ட வேணும், எங்க சந்துல அத்தனை நிக்காது. அப்புறம் அட்டைப்பெட்டியில சின்னதா செஞ்சோம்: 60 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 6 உயரம். கணக்கு டீச்சர் ஒரு வருஷமா சொல்லிக் குடுத்த விகிதம் அன்னைக்குத்தான் பெரியவளுக்கு விளங்குச்சு. பழைய சாமான் வாங்க வர்ற கபாடிவாலாகிட்ட அட்டைப்பெட்டி போடாதீங்க, சேத்து வைங்க.

ஒரு தப்பையும் சொல்லிடறேன். அடுத்த வருஷம் மோசேக்காகப் பிளந்து வழி விட்ட செங்கடலைப் பண்ணினோம். ரங்கோலிக்கு வாங்கின நீலப் பொடியை ரெண்டு பக்கமும் குவிச்சு நடுவுல வழி விட்டிருந்தாங்க. நான் சமையக்கட்டுல இருந்தேன். யாத்திராகமத்துல பலத்த கீழ்காத்து அடிச்சுதுன்னு இருக்கே, சின்னவன் டேபிள் ஃபேனைத் தட்டி விட்டுட்டான். சோபா, திரை, பிள்ளைங்க மூஞ்சி எல்லாம் நீலம். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அவனுக்கு இழுப்பு வந்துருச்சு. ராத்திரி முழுக்க நெபுலைசர் வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஜன்னல் சாத்தின வீட்டுக்குள்ள தூசியைக் கிளப்பினா போறதுக்கு இடமில்லைன்னு எனக்குத் தோணவே இல்ல. அன்னையில இருந்து எங்க வீட்டுல பொடி கிடையாது, கடல்னா நீலச் சேலைதான். காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டற ஏ.க்யூ.ஐ. எண் 400 தாண்டின நாள்ல மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, எண்ணெய்ப் பலகாரம் மூணும் நிறுத்திருவேன். பெருக்காம ஈரத்துணி போட்டுத் துடைப்பேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்ல ஏத்தற அட்வெந்து மெழுகுவர்த்திக்குக் கூட பேப்பர்ல தீச்சுடர் வெட்டி உள்ள சின்ன டார்ச் வெச்சோம். ஊர்ல மாமியார் கேட்டுட்டு, இது என்ன கூத்துன்னாங்க. பேரனுக்கு இழுப்பு வந்ததைச் சொன்னதும் பேசல.

சாயங்காலம் களைச்ச நேரத்துக்கு வசன அந்தாக்ஷரி, ஒருத்தர் சொன்ன வேத வசனம் முடிஞ்ச எழுத்துல அடுத்தவங்க ஆரம்பிக்கணும். இங்க பிள்ளைங்க இந்திப் பாட்டுல விளையாடறதைத்தான் நாங்க வசனத்துக்கு மாத்தினோம். தமிழ்ல சிக்கல் என்னன்னா வசனம் பாதிக்கு மேல புள்ளி வெச்ச எழுத்துல முடியும். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” சொன்னா “ன்”ல எதை ஆரம்பிக்கறது? அதனால “ன்” வந்தா “ந” போதும், “ர்”, “ள்”, “ல்” வந்தா எந்த உயிரெழுத்தும் செல்லும்னு வெச்சோம். “உ” வந்தா கொண்டாட்டம், சங்கீதம் 119-ல “உம்முடைய”, “உமது”ன்னு அள்ள அள்ள வரும், மொத்தம் 176 வசனம் இருக்கே. “இ” வந்தா எல்லாரும் “இயேசு கண்ணீர் விட்டார்”. அது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்னு சட்டம் போட வேண்டியதாப் போச்சு. வீடியோ காலில எங்கம்மா நடுவர். பேரப்பிள்ளைங்களுக்குத் தாராளமா விட்டுக் குடுப்பாங்க, எனக்கு மட்டும் ஒரு எழுத்து தவறினாலும் அவுட். எழுத்துக் கூட்டித் தமிழ் படிச்ச என் மகன் எதிரியை மடக்க வசனம் தேடித் தேடியே வேகமாப் படிக்க ஆரம்பிச்சான். நான் அதுக்கு முன்னால வாங்கிக் குடுத்த தமிழ்ப் பயிற்சிப் புத்தகம் இன்னும் புதுசா இருக்கு.

பாட்டு, ஜெபமெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நாள் முழுக்க வேதத்தையே பிடிச்சு உக்கார வைக்காதீங்க, ஓய்வுநாள் பள்ளி டீச்சரும் ஒரு மணி நேரத்துல விட்டுருவாங்க. சும்மா கிடந்து சலிச்சுப் போகவும் நேரம் குடுங்க. கோலியாத் வந்ததே அப்படி ஒரு சலிப்புலதான்.

கையில வேலை ஒண்ணும் ஓடலைன்னா ஒரு தட்டுல மண்ணு போட்டு கோதுமை விதைங்க. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் ஆகும். ஊர்ல முளைக்கற வேகத்துல இங்க குளிர்ல முளைக்காது, டிசம்பர் பத்துக்குள்ள விதைச்சிருங்க.

எங்க கட்டிலுக்கு அடியில ஃபிரிஜ் வந்த அட்டைப்பெட்டி ஒண்ணு கிடக்கு. பெரியவ காலேஜ் போயிட்டா, சின்னவன் மீசையைத் தடவிட்டுத் திரியறான், இனி அது இவங்களுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிஞ்சு வந்து எடுத்துட்டுப் போங்க. ஆட்டோவுல நுழையாது, தம்பியையும் கூட்டிட்டு வாங்க, மடக்கிக் கட்டித் தர்றேன்.