காட்சி ஆட்டம்தானே, பாடசாலை முடித்த பொடியன்களை ஏன் தேசிய றக்பி அணியில் போடுகிறார்கள் இல்லை?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: வெளிநாட்டு அணி ஒன்று வந்து கொழும்பில் காட்சி ஆட்டம் ஆடுகிறது. புள்ளி இல்லை, தரவரிசை இல்லை, கிண்ணமும் பேருக்குத்தான். அப்படியிருக்க ஏன் முப்பது தாண்டின ஆட்களையே தேசிய அணிக்கு எடுக்கிறார்கள், பாடசாலையில் கலக்கிவிட்டு வந்த பொடியன்களைப் போட்டுப் பார்த்தால் என்ன?

தம்பி, நீங்கள் ட்ரயல்ஸுக்குப் போய், பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவர் என்று எனக்குப் படுகிறது. இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் ஒருவர் அப்படித் திரும்பியிருக்க வேண்டும். சும்மா பார்வையாளராக இருந்து கேட்கிற ஆளுக்கு இவ்வளவு சூடு வராது. நான் கண்டியில் கழக மட்டத்தில் ஏழு பருவம் ஆடியவன். தேசிய அணிச் சட்டை ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு காட்சி ஆட்டத்துக்குத்தான் போட்டேன். பிற்பாடு இரண்டு தடவை, தெரிவு செய்கிற மேசையில் ஃபோர்வர்ட்ஸ், அதாவது முன்னால் நின்று தள்ளுகிற எட்டுப் பேரின் பக்கம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்து சொல்கிறேன்.

என் பதில் இதுதான். விங், சென்டர், ஃபுல் பெக் போன்ற பெக்ஸ் இடங்களுக்கு, அதாவது பின்னால் நின்று பந்தோடு ஓடுகிற இடங்களுக்குப் பொடியன்களைப் போடலாம், போடத்தான் வேண்டும். ஸ்க்ரம் என்பது இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து பிணைந்து ஒருவரையொருவர் தள்ளுவது. அதன் முன்வரிசைக்கு, அதாவது இரண்டு ப்ரொப்புக்கும் நடுவில் நிற்கிற ஹூக்கருக்கும், போடவே கூடாது. காட்சி ஆட்டமாக இருந்தாலும் கூடாது.

போடலாம் என்று சொல்வதற்கு எத்தனையோ உதாரணம் இருக்கிறது. 1890 இல் தொடங்கிய பார்பேரியன்ஸ் கழகம் காட்சி ஆட்டத்துக்காகவே வாழ்கிற கழகம். சொந்த மைதானம் கிடையாது. கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டைக்குக் கீழே ஒவ்வொருவரும் தன் தன் கழகத்துக் காலுறையைப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். நாட்டுக்காக ஒரு தடவையும் ஆடாத ஒருவரையாவது அணியில் சேர்ப்பது அவர்களுடைய வழக்கம். நீங்கள் கேட்பதும் அதுதானே. வேல்ஸ் அணிக்காக ஜோர்ஜ் நோர்த் 2010 இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைத்தபோது அவருக்கு 18 வயது. 1994 இல் ஜோனா லோமு நியூசிலாந்துச் சட்டையில் இறங்கியபோது 19. இந்தப் பெயர்களைத்தான் கீழே கொமென்ட்டில் கொண்டுவந்து போடப்போகிறீர்கள் என்று தெரியும். இரண்டு பேரும் விங் என்பதைக் கவனியுங்கள். வேகமாக ஓடத் தெரிந்த 18 வயதுப் பொடியனைப் பெரிய ஆள் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் துரத்த வேண்டும். ஸ்க்ரமில் துரத்தத் தேவையில்லை. நீங்கள் போய் அவன் தோளுக்குக் கீழே தலையைக் கொடுக்கிறீர்கள்.

இப்போது என் கதை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் என் கருத்து விளங்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு இருபது வயது. கழகத்தில் நான் ப்ரொப். காட்சி ஆட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முந்தி முதல் ஹூக்கருக்கு வேலைத்தலத்தில் லீவு கிடைக்கவில்லை. இரண்டாவது ஹூக்கருக்கு விலா எலும்பு. வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போன் வந்தது. கடைக்கார ஐயா ஆளனுப்பிக் கூப்பிட்டு, நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அடுத்த நாள் விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். கடுகண்ணாவை வளைவுகளில் முழுக்க என் தலைக்குள் ஒரே விஷயம்தான்: லைன் அவுட் குறிகள். கோட்டுக்கு வெளியே போன பந்தைத் திரும்ப உள்ளே எறிவதுதான் லைன் அவுட், யாருக்கு எறிகிறது என்று நம் ஆட்களுக்கு மட்டும் சொல்வது குறி. ஒவ்வொரு கழகத்துக்கும் ஒவ்வொரு குறி. பந்தை எறிகிறவன் ஹூக்கர், அவனுக்குக் குறி பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். குறிகள் சிங்கள எண்களில் இருந்தன. இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாடமாக்கினேன். என்னைத் தமிழன் என்று அங்கே ஒருவரும் தள்ளிவைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த கட்டிலில் படுத்திருந்த லொக் (ஸ்க்ரமின் இரண்டாவது வரிசையில் நிற்கிறவர்) ஒருவர் என்னோடு விழித்திருந்து குறிகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்.

ஆட்டத்துக்கு முன்னால் பொறுப்பாக இருந்தவர் தோளில் தட்டிச் சொன்ன வார்த்தை இன்னும் அப்படியே காதில் நிற்கிறது. "பயப்படாதே மச்சான், இது காட்சி ஆட்டம். அவங்கள் தள்ளமாட்டாங்கள்."

அவர்கள் தள்ளினார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஸ்க்ரமில் அரைப்பலத்தில் தள்ளுவது என்று ஒன்று கிடையாது. எட்டுப் பேரில் ஒருவன் இளகினால் அவன் பக்கம் முழுக்கச் சரிந்து அவன் மேலேயே விழும், அதனால் எல்லோரும் முழுப்பலத்தோடுதான் நிற்பார்கள். ஆளுக்கு நூறு கிலோ என்று பார்த்தாலும் ஒரு பக்கத்துக்கு 800 கிலோ. இரண்டு பக்கப் பாரமும் சந்திக்கிற இடம் முன்வரிசை ஆறு பேரின் கழுத்தும் தோளும்தான். அதில் ஹூக்கரின் நிலைமை இன்னும் மோசம். அவனுடைய இரண்டு கையும் இரண்டு ப்ரொப்பின் முதுகைச் சுற்றி இறுகியிருக்கும். விழுந்தால் ஊன்றுவதற்குக் கை இல்லை.

முதல் நாலு ஸ்க்ரம் தாக்குப் பிடித்தேன். ஐந்தாவதில் எங்கள் வலது பக்கம் வழுக்கியது. எனக்குப் புல்லின் வாசம் முதலில் வந்தது, அதற்குப் பிறகுதான் சத்தம். கழுத்தின் இடது அடியிலிருந்து பெருவிரல் நுனிவரை பழுக்கக் காய்ச்சின கம்பியை இழுத்த மாதிரி இருந்தது. எழும்பி நின்றேன். கை இருக்கிறதா என்று பார்த்தேன், தொங்கியது. அந்தக் காலத்தில் காயம்பட்டால்தான் மாற்று வீரர். உத்திக்காக ஆள் மாற்றுகிற விதி 1996 இல்தான் வந்தது. நான் காயம் என்று சொன்னால் வெளியே போகலாம், ஆனால் வாங்கில் இன்னொரு ஹூக்கர் இல்லை. நடுவர் கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மீதி ஆட்டம் முழுக்க ஆடினேன். லைன் அவுட்டில் இடது கையைப் பந்தின் மேல் சும்மா ஒட்டவைத்துக்கொண்டு வலது கையால் எறிந்தேன். ஆட்டம் முடிந்து எதிரணி ஹூக்கர் என்னைத் தேடி வந்து கை கொடுத்தான். பெரிய மனுசன். என் கழுத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

எட்டு மாதம் இடது கையில் பிடிமானம் இல்லை. சட்டைப் பொத்தான் போட முடியாது. சாரத்தைத் துவைத்துப் பிழிய முடியாது. இருபது வயதில் அம்மா சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட நான் வேலைக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்த டொக்டர், இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால் நடந்து வந்திருக்கமாட்டாய் என்றார். செலவை யாரும் பொறுப்பேற்கவில்லை. அந்த ஆட்டத்துக்கு கேப் கூடக் கொடுக்கவில்லை, அதாவது தேசிய ஆட்டக் கணக்கில் என் பெயர் இல்லை. காட்சி ஆட்டத்துக்கு கேப் கொடுப்பதா இல்லையா என்பது அந்தந்த நாட்டுச் சங்கத்தின் முடிவு. பார்பேரியன்ஸோடு ஆடியதற்கு வேல்ஸ் சில தடவை கொடுத்திருக்கிறது, எல்லா நாடுகளும் கொடுப்பதில்லை.

இதைச் சொல்லும்போது வேறொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். அடுத்த நாள் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலு வரிச் செய்தி. அதில் என் பெயரை ஆங்கிலச் செய்தியிலிருந்து மாற்றி, தமிழனுக்கே வாசிக்க முடியாத மாதிரிப் போட்டிருந்தார்கள். அம்மா அதை வெட்டி எடுத்து, பிழையான பெயரின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டு, மேலே சரியான பெயரை எழுதி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். மலைநாட்டிலும் கொழும்பிலும் றக்பி ஆடின தமிழ்ப் பொடியன்கள் எத்தனையோ பேர். கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டி ட்ரினிட்டி கல்லூரிக்கும் இடையிலான ப்ரட்பி கேடயம் 1945 இலிருந்து நடக்கிறது, அந்த ஆட்டத்துக்குக் கண்டியே நிறைகிறது. நம்முடைய பக்கங்களில் அதற்கு எவ்வளவு இடம் கிடைத்தது? ஒரு போனைப் போட்டு, தம்பி உங்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்க எத்தனை நிமிஷம் ஆகும்? சரி, விடுகிறேன்.

தெரிவு மேசைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், முப்பது பேரை ஓடவிட்டுத் திறமான பதினைந்து பேரை எடுப்பதுதான் தெரிவு என்று நினைக்கிறார்கள். காட்சி ஆட்டத்தில் முதல் கேள்வி யார் திறமை என்பதில்லை, யார் வரமுடியும் என்பது. சர்வதேச ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிய காலப்பகுதியில்தான் கழகங்கள் வீரரை விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவை. அதற்கு வெளியே வருகிற ஆட்டத்துக்கு, எங்கள் ஆளைத் தரமுடியாது என்று கழகம் சொன்னால் அதோடு முடிந்தது. பிறகு லீவு, பரீட்சை, கல்யாணம். அனுசரணையாளர் சுவரொட்டியில் முகம் போட ஒரு நட்சத்திரம் கேட்பார், அதுவும் உண்டு. இதெல்லாம் கழித்த பிறகுதான் திறமைக்கு வருகிறோம்.

2019 இல் அப்படி ஒரு ராத்திரி. மைதானத்துப் பின் அறை, ட்யூப் லைட், பிளேன்டீ, ஆறிப்போன மாலுபாண். பிரிஸ்டல் போர்டை வெட்டிப் பெயர் எழுதிய துண்டுகளை மேசையில் பரப்பியிருந்தோம். இப்போதைய விதிப்படி 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசைக்குப் பழகியவர்கள் ஆறு பேர் இருக்க வேண்டும். யார் யார் என்று ஆட்டத்துக்கு முன்பே நடுவர்களுக்குச் சொல்லவும் வேண்டும். எந்த இடத்தில் முதல் ஆள் விழுந்தாலும், ஸ்க்ரம் உண்மையாகவே தள்ளப்படுகிற ஸ்க்ரமாகத் தொடர வேண்டும் என்பதற்கான விதி அது. எங்களிடம் ஐந்து துண்டு இருந்தது. ஆறாவது துண்டுக்கு இரண்டு பெயர். ஒன்று பாடசாலை முடித்த 19 வயது ப்ரொப், 118 கிலோ, அந்த வருசம் எல்லோர் வாயிலும் இருந்த பெயர். மற்றது 34 வயது ஆள், தோட்டத்தில் வேலை, ட்ரயல்ஸில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மேசையில் என்னோடு இருந்த மற்ற இருவரும் பொடியன் பக்கம். ஒருவர் அதே வசனத்தைத்தான் சொன்னார்: காட்சி ஆட்டம்தானே. நான் இடது கையை மேசையில் வைத்து விரல்களை மடக்கிக் காட்டினேன். சுண்டுவிரல் பக்கம் சரியாக மடங்கும், பெருவிரல் இன்றைக்கும் பாதியில் நிற்கும். ஆறாவது துண்டு தோட்டத்து ஆளுக்குப் போனது.

2013 இலிருந்து க்ரௌச், பைண்ட், செட் (குனி, பிடி, இறங்கு) என்று நடுவர் சொல்லச் சொல்லக் கட்டம் கட்டமாக ஸ்க்ரமில் இறங்குவதால் மோதல் குறைந்துவிட்டதே என்று கேட்பீர்கள். ஓம், குறைந்திருக்கிறது, நல்ல மாற்றம். ஆனால் மோதல் முடிந்த பிறகு தள்ளுகிற தள்ளு இருக்கிறது, அதில் கழுத்து எப்படித் திரும்பினால் தப்பலாம் என்பது ஜிம்மில் வராது. நூறு ஸ்க்ரம், இருநூறு ஸ்க்ரம் நின்றவனுக்குத்தான் அது உடம்பில் ஏறும். அந்த 34 வயது ஆள் பிந்திய இருபத்தைந்து நிமிஷம் ஆடினார். அவரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஸ்க்ரம் ஒன்றுகூட விழவில்லை.

பொடியனுக்கு நானே போன் எடுத்துக் காரணத்தைச் சொன்னேன். "சரி சேர்" என்று மட்டும் சொன்னான். அடுத்த வருசம் கொரோனா வந்து எல்லாம் நின்றது. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான், பிறகு ஆடவே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் அவனுடைய அப்பா எல்லோருக்கும் முன்னால் என்னைப் பிடித்து, என் பிள்ளைக்கு இருந்த ஒரே சந்தர்ப்பத்தையும் நீ பறித்தாய் என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது பொய் இல்லை. அந்தச் சட்டை அவனுக்குக் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கவும் மாட்டாது. அது எனக்கு வலிக்கிறது. அதே துண்டுகளை இன்றைக்கு மேசையில் போட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

1950 இல் பிரிட்டிஷ் லயன்ஸ், அதாவது பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர் சேர்ந்த அணி, ஊர் திரும்புகிற வழியில் கொழும்பில் இறங்கி எங்கள் அணியை 44–6 என்று வென்றார்கள். வழியில் நிற்கிற ஆட்டம்தான், ஆனாலும் அவர்கள் விட்டுக்கொடுத்து ஆடவில்லை. வருகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் ஆடுவார்கள், அதுதான் நமக்குச் செய்கிற மரியாதையும்.

உங்களுக்கு என்ன இடம் என்று நீங்கள் எழுதவில்லை. பெக்ஸ் என்றால் அடுத்த ட்ரயல்ஸுக்கும் போங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, உரத்துக் கேளுங்கள். ப்ரொப் அல்லது ஹூக்கர் என்றால் கழகத்தில் இரண்டு பருவம் நில்லுங்கள். ட்ரயல்ஸ் படிவத்தில் வேறு எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்குப் போன் வந்ததற்குக் காரணம் அந்தக் கட்டம்தான். கழகத்தில் நாலே நாலு ஆட்டம்தான் ஹூக்கராக நின்றிருந்தேன். பெயர் வந்தால் போதும் என்று அந்தக் கட்டத்தில் ஹூக்கர் என்று எழுதினேன். நீங்கள் அதை வெறுமையாக விடுங்கள்.